ஊரார் நாவே சான்று: சென்னை மேற்குப் புறநகர்ப் பெயர்களின் எழுத்தும் ஒலியும்

சென்னையிலிருந்து அரக்கோணம் நோக்கிச் செல்லும் புறநகர் ரயில் பாதையில், வில்லிவாக்கத்தைத் தாண்டியதும் கொரட்டூர், பட்டரவாக்கம், அம்பத்தூர் என்னும் மூன்று நிலையங்கள் அடுத்தடுத்து வருகின்றன. இம்மூன்று ஊர்களின் ஆங்கிலப் பெயர்களிலும் ‘டீ’ என்னும் எழுத்து இரட்டித்து நிற்கிறது. முதலிரு பெயர்களில் அந்த இரட்டை எழுத்தை ‘ட்ட’ என்றும், மூன்றாம் பெயரில் ‘த்த’ என்றும் ஒலிக்க வேண்டும் என்பதை ஆங்கில எழுத்தை மட்டும் நம்பி வாசிப்பவர் அறிய வழியில்லை. அதனால் அம்பத்தூர் ‘அம்பட்டூர்’ ஆகிறது. ஆவடி ‘அவாடி’ ஆகிறது. பாடி ‘படி’ ஆகிறது. பூந்தமல்லியோ ஆங்கிலத்தில் ஒன்றாகவும், அரசுப் பலகையில் இன்னொன்றாகவும், பேருந்து நடத்துநரின் குரலில் மற்றொன்றாகவும் வழங்குகிறது.

இத்தகைய வேறுபாடுகளைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் இருவர் மீது பழி சுமத்துவதோடு முடிந்துவிடுகிறது. ஆங்கிலேயர் நம் ஊர்ப்பெயர்களைச் சிதைத்தனர் என்பது ஒரு பழி. எழுத்தறிவற்றோர் கொச்சைப்படுத்தினர் என்பது மற்றொன்று. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்துப் பெயர்களை ஒவ்வொன்றாக எடுத்து அவற்றின் எழுத்து வடிவத்தையும் பேச்சு வடிவத்தையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது, இவ்விரண்டு பழிகளும் முழுமையாக நிற்பதில்லை. ஊரார் உச்சரிப்பு தமிழின் ஒலிவிதிகளுக்கு உட்பட்டே இயங்குகிறது என்பதும், தமிழ் இலக்கண மரபு அதற்கு முன்பே இடம் கொடுத்திருக்கிறது என்பதும், ஆங்கில எழுத்துக்கூட்டல் சில வேளைகளில் அந்தப் பேச்சொலியைப் பதிவு செய்து வைத்திருக்கிறது என்பதுமே இக்கட்டுரை நிறுவ முயலும் கருத்துகள்.

ரோமன் எழுத்தில் தமிழ் ஒலி

நாநுனி மேலண்ணத்தை நோக்கி வளைந்து தொடும்போது பிறக்கும் டகரத்தை மொழியியலார் வளைநா ஒலி என்பர். நாநுனி மேற்பல்லின் அடியைத் தொடும்போது பிறக்கும் தகரத்தைப் பல்லொலி என்பர். தமிழில் இவ்விரண்டும் பொருளையே மாற்றவல்லவை: பட்டு வேறு, பத்து வேறு, முட்டு வேறு, முத்து வேறு. ஆங்கிலத்தில் இந்த வேறுபாடு இல்லாததால், கம்பெனி ஆட்சிக்காலத்து எழுத்தர்கள் இரண்டு ஒலிகளுக்கும் ‘டீ’ என்னும் ஒரே எழுத்தைப் பயன்படுத்தினர். பல்லொலிக்கு ‘டீ’யுடன் ‘ஹெச்’ சேர்த்து எழுதும் தென்னிந்திய வழக்கம் பின்னர் வலுப்பெற்றது. எனவே ஒரே ‘த்தூர்’ என்னும் முடிவு அம்பத்தூரில் இரட்டை ‘டீ’யோடும், அண்டையிலுள்ள கொளத்தூரிலும் குன்றத்தூரிலும் ‘டீ-ஹெச்’ கொண்டும் எழுதப்படுகிறது. ஒரே வட்டாரத்தின் வரைபடத்தில் இரண்டு எழுத்து மரபுகள் கலந்து கிடப்பதால், ஒரு பெயரைச் சரியாக வாசிக்கக் கற்றவர் அதே விதியை அடுத்த பெயரில் பொருத்தும்போது தவறிவிடுகிறார்.

குறில் நெடில் வேறுபாடு இரண்டாவது இடர்ப்பாடு. வழக்கிலுள்ள ஆங்கில எழுத்துக்கூட்டலில் அகரத்துக்கும் ஆகாரத்துக்கும் ‘ஏ’ என்னும் ஓர் எழுத்தே உண்டு. சம்பந்தர் பாடிய திருவலிதாயம் என்னும் தலத்தைத் தன்னகத்தே கொண்ட பாடி, ஆங்கிலத்தில் நான்கே எழுத்துகளில் எழுதப்படுகிறது. அந்நான்கெழுத்தைப் படி, பாடி, பதி என மூன்று விதமாக வாசிக்கலாம். ஆவடியின் ஐந்தெழுத்து ஆவடிக்கும் அவாடிக்கும் அவதிக்கும் ஒருசேர இடம் கொடுக்கிறது. இவற்றுள் எது சரி என்பதை அந்த எழுத்துகள் காட்டுவதில்லை. ஊரில் வாழ்பவர் வாய்ச்சொல்லே காட்டுகிறது.

பூந்தமல்லியின் ஆங்கில வடிவம் இதற்கு மாறானது. அதில் ஊகாரத்துக்கு இரண்டு ‘ஓ’வும், இறுதி இகரத்துக்கு இரண்டு ‘ஈ’யும் இடம்பெற்றுள்ளன. ஆங்கிலேயர் தம் காதில் விழுந்ததைத் தம் மொழியின் வாசிப்பு வழக்கப்படியே எழுதிய பழைய முறை இது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வில்லியம் வில்சன் ஹண்டர் வகுத்த எழுத்துப்பெயர்ப்பு முறை, அதாவது ஒரு மொழியின் எழுத்துகளுக்கு வேறொரு மொழியின் எழுத்துகளை ஒழுங்காக ஈடுசெய்யும் முறை, அரசு வெளியீடுகளில் நிலைபெற்றபோது, இரட்டை ‘ஓ’வுக்குப் பதிலாக ‘யூ’வும் இரட்டை ‘ஈ’க்குப் பதிலாக ‘ஐ’யும் இந்தியப் பெயர்களில் வரத் தொடங்கின. ஆயினும் நெடுநாள் வழக்கில் ஊன்றிய பெயர்கள் பழைய கோலத்திலேயே தங்கிவிட்டன. பூந்தமல்லி அவற்றுள் ஒன்று. சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை வெளியிட்ட தமிழ்ப் பேரகராதியில், நெடிலுக்கு மேற்கோடும் வளைநா ஒலிக்குக் கீழ்ப்புள்ளியும் இட்டு ஒவ்வோர் ஒலியையும் துல்லியமாகக் காட்டும் முறை பின்பற்றப்பட்டது, ஆனால் புள்ளியும் கோடும் அறிஞர் நூல்களோடு நின்றன, பெயர்ப்பலகைகளை எட்டவில்லை.

இந்தக் குறை ரோமன் எழுத்துக்கு மட்டும் உரியதன்று. தமிழ் எழுத்தும் எல்லா ஒலிகளையும் தனித்தனியே குறிப்பதில்லை. அம்பத்தூரில் மகரமெய்யை அடுத்து வரும் பகரம், ‘கம்பு’, ‘தம்பி’ என்னும் சொற்களில் வருவது போல, குரல்நாண்கள் அதிரப் பிறக்கும் மெல்லோசை உடையது. பாடியின் முதலெழுத்தில் வரும் பகரமோ வல்லோசை உடையது. எழுத்து ஒன்றாயினும் ஒலி இரண்டு. தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர் இந்த வேறுபாட்டை எண்ணிப் பார்ப்பதேயில்லை, ஏனெனில் இடம் பார்த்து ஒலியை மாற்றும் பழக்கம் அவர் நாவில் ஊறியிருக்கிறது. அம்பத்தூரின் ஆங்கில வடிவத்திலுள்ள ‘பி’ என்னும் எழுத்து, தமிழ் வரிவடிவம் சொல்லாமல் விட்ட அந்த மெல்லோசையை வெளிப்படையாகச் சொல்கிறது. ஆகவே ஆங்கில எழுத்துக்கூட்டலைச் சிதைவு என்று ஒதுக்குவதும், தமிழ் எழுத்தை முழுமையான ஒலிப்பதிவு என்று கொள்வதும் ஒருங்கே பிழையாகும்.

மரூஉ என்னும் இலக்கண ஏற்பு

பேச்சில் தேய்ந்தும் திரிந்தும் வழங்கும் பெயர்களைத் தமிழிலக்கணம் எவ்வாறு மதித்தது என்பதை இங்கே கருத வேண்டும். 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் நன்னூலில் பவணந்தி முனிவர், சொற்களின் வழக்கை இயல்பு வழக்கு, தகுதி வழக்கு எனப் பகுத்து, இயல்பு வழக்கின் மூன்று பிரிவுகளுள் ஒன்றாக மரூஉவை வைக்கிறார். மரூஉ என்பது நெடுங்காலப் பயிற்சியால் தன் முழு வடிவத்திலிருந்து திரிந்து, திரிந்த வடிவத்திலேயே நிலைபெற்ற சொல். தஞ்சாவூர் தஞ்சையானதும், கோயம்புத்தூர் கோவையானதும், சோழநாடு சோணாடானதும், அருமருந்தன்ன என்பது அருமந்த என்றானதும் பள்ளி மாணவரும் அறிந்த எடுத்துக்காட்டுகள். இலக்கண நூலார் இவற்றை வழு என்று தள்ளாமல் இயல்பு என்று ஏற்றனர் என்பது பெரிதும் எண்ணத்தக்கது. தஞ்சையையும் கோவையையும் மேடையில் பெருமிதத்தோடு சொல்லும் கற்றோர், அதே வழியில் பிறந்த புறநகர்ப் பெயரொன்றை ரயிலில் கேட்டால் முகம் சுளிப்பதற்கு இலக்கணத்தில் ஆதாரம் எதுவுமில்லை.

ஆவடிக்கு மேற்கேயுள்ள திருநின்றவூர் இதை விளக்கத் தக்க பெயர். 108 வைணவத் திருப்பதிகளுள் ஒன்றான பக்தவத்சலப் பெருமாள் கோயிலும், மனத்துக்குள்ளேயே சிவனுக்குக் கோயில் எழுப்பிய பூசலார் நாயனாரின் நினைவைத் தாங்கும் இருதயாலீசுவரர் கோயிலும் இவ்வூரில் உள்ளன. திருமகள் வந்து நின்ற ஊர் என்பது தலபுராணம் தரும் விளக்கம். ஆனால் சுற்றுவட்டாரத்து முதியவர் வாயில் இவ்வூர் ‘தின்னனூர்’. முதற்பார்வையில் இரண்டுக்கும் தொடர்பே இல்லாததுபோல் தோன்றும். படிப்படியாகப் பார்த்தால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் பேச்சுத்தமிழில் இணை உண்டு. ‘ன்ற’ என்னும் மெய்ம்மயக்கம் பேச்சில் ‘ன்ன’ அல்லது ‘ண்ண’ ஆவது பொது விதி: கன்று கன்னு ஆகிறது, ஒன்று ஒண்ணு ஆகிறது, நின்று நின்னு ஆகிறது. அவ்விதிப்படி ‘நின்ற’ என்பது ‘நின்ன’ ஆகும். ‘திரு’வின் இறுதி உகரம் விரைந்த பேச்சில் நலிந்து ‘திர்’ என நிற்க, ரகரமும் அடுத்துவரும் நகரத்தோடு கலந்து மறைகிறது. ‘தி’, ‘நி’ என்று ஒத்த உயிருடைய இரண்டு அசைகள் அடுத்தடுத்து வரும்போது ஒன்று மற்றொன்றில் அடங்குவதும், ‘அவூர்’ என்னும் முடிவு ‘ஊர்’ எனக் குறுகுவதும் சேர்ந்து தின்னனூர் பிறக்கிறது. ஐந்து அசைகள் மூன்றாகச் சுருங்கியபோதும், நின்ற என்னும் வினையின் எச்சமும் ஊர் என்னும் ஈறும் பெயருக்குள் இன்னும் இருக்கின்றன.

‘திரு’வின் உகரம் நலிவது, திருச்சிராப்பள்ளி, திருவல்லிக்கேணி முதலிய பெயர்களை ஆங்கிலேயர் ‘ட்ரி’ என்று தொடங்கி எழுதியதற்கும் விளக்கம் தருகிறது. அவர்கள் தகரத்தை டகரமாக்கியது அவர்கள் காதின் குறை. ஆனால் உகரத்தை விட்டது, ஊரார் பேச்சில் அந்த உகரம் ஏறத்தாழ இல்லாமலே இருந்ததால் நேர்ந்தது.

திருவேற்காட்டிலும் இத்தகைய விதி செயல்படுகிறது. சம்பந்தர் பாடிய வேதபுரீசுவரர் கோயிலாலும் தேவி கருமாரியம்மன் கோயிலாலும் பெயர்பெற்ற இவ்வூரைப் பேச்சில் ‘திருவேக்காடு’ என்பர். றகர மெய் தன்னை அடுத்த வல்லெழுத்தோடு ஒன்றாகிவிடுவதை ஓரினமாதல் என்பர். மேற்கு என்பது பேச்சில் மேக்கு ஆவதும் இதனால்தான். பூந்தமல்லி நெடுஞ்சாலையிலுள்ள குமணன்சாவடியும் கரையான்சாவடியும் நாவில் குமணஞ்சாவடி, கரையாஞ்சாவடி என வருகின்றன. சகரத்தின் முன் வரும் னகரம் சகரத்தின் இனமான ஞகரமாக மாறுவது தமிழ்க்காதுக்கு இயல்பானது. சாவடி என்பது பெருவழியில் செல்வோர் தங்கிய, அல்லது சுங்கம் செலுத்திய இடம். தமிழ்ப் பெயர்ப்பலகையில் ‘ன்சா’ என்று பிரித்து எழுதப்பட்டாலும், ஆங்கில எழுத்துக்கூட்டல் ‘என்-சி-ஹெச்’ என்று எழுதிப் பேச்சொலியையே காட்டுகிறது.

ஆங்கில எழுத்து பேச்சைக் காத்துவைத்ததற்கு இன்னும் தெளிவான சான்று முகப்பேர். தமிழில் முகரத்தில் தொடங்கும் இப்பெயர் ஆங்கிலத்தில் ‘மொ’ என்று தொடங்குகிறது. சொல்லின் முதலசையில் குறில் உகரமோ இகரமோ நின்று, அடுத்த அசையில் அகரமோ ஐகாரமோ வந்தால், பேச்சில் உகரம் ஒகரமாகவும் இகரம் எகரமாகவும் மாறும். முகம் மொகம் ஆவதும், குடை கொடை என்றும் இலை எலை என்றும் ஒலிப்பதும் இவ்விதியால்தான். தென்திராவிட மொழிகளில் உகரமும் ஒகரமும், இகரமும் எகரமும் இவ்வாறு இடம் மாறிக்கொள்வதை டி. பரோ என்னும் மொழியியலறிஞர் 1940ஆம் ஆண்டிலேயே விரிவாக ஆராய்ந்திருக்கிறார். முகப்பேரைக் காதால் கேட்டு எழுதியவர் ‘மொகப்பேர்’ என்று கேட்டதையே எழுதினார். அவர் எழுதியதில் பிழையில்லை.

பூவிருந்தவல்லியும் பூந்தமல்லியும்

சென்னைக் கோட்டைக்கு நிலம் வழங்கிய தாமர்ல வேங்கடப்ப நாயக்கரின் உடன்பிறந்த ஐயப்ப நாயக்கர் 1639ஆம் ஆண்டையொட்டிய காலத்தில் தங்கியிருந்த ஊர் பூந்தமல்லி. எனவே இப்பெயர் சென்னப்பட்டினம் உருவான நாளிலிருந்தே ஆங்கிலேயர் காதில் விழுந்துகொண்டிருந்தது. கோட்டையிலிருந்து மேற்கே சென்ற பெருவழிக்கும் இவ்வூரின் பெயரே அமைந்தது, அச்சாலைக்கு ஈ.வெ.ரா. பெரியார் பெயர் சூட்டப்பட்ட பின்னும், மக்கள் பேச்சில் அது பூந்தமல்லி ஹைரோடாகவே வழங்கிவருகிறது.

இராமானுசருக்கு வழிகாட்டியவராகப் போற்றப்படும் திருக்கச்சி நம்பிகள் பிறந்த ஊர் இது. இங்குள்ள வரதராசப் பெருமாள் கோயிலில் தாயாரின் பெயர் புஷ்பவல்லி. பூவில் இருந்த வல்லி என்னும் பொருள்பட அமைந்த பூவிருந்தவல்லி என்னும் வடிவம் அத்தாயாரின் பெயரோடு இசைந்து நிற்கிறது. அரசு ஆவணங்களிலும் கோயில் சார்ந்த எழுத்துகளிலும் அவ்வடிவத்தைக் காணலாம். அன்றாடப் பேச்சிலும் நாளிதழ்களிலும் பூந்தமல்லியே பெருவழக்கு. விரைந்த பேச்சில் ‘பூனமல்லி’ என்பதும் கேட்கும்.

பூவிருந்த என்பது பூந்த எனக் குறுகுவதற்கும், நன்னூல் உரைமரபு காட்டும் அருமருந்தன்ன என்பது அருமந்த எனக் குறுகியதற்கும் உள்ள ஒற்றுமை வியக்கத்தக்கது: இரண்டிலும் நடுவிலுள்ள ‘ரு’ என்னும் அசை மறைந்து, நகரமெய்யும் தகரமும் மட்டும் தங்குகின்றன. வகரம் மகரமாவதும் பேச்சுத்தமிழ் அறிந்ததே: விழுங்கு என்பது முழுங்கு என்றும், விழி என்பது முழி என்றும் வழங்குகின்றன. மெல்லின ஒலியை அண்டி நிற்கும் வல்லி மல்லியாவதற்கு, மல்லிகையின் நினைவும் துணைசெய்திருக்கலாம். பூவோடு சேர்ந்த பெயரில் மல்லி என்று கேட்பது எந்தத் தமிழர் காதுக்கும் பொருந்திவிடும். ஆங்கில வடிவமோ ‘ந்த’ என்னும் மெய்ம்மயக்கத்தை விடுத்து ‘ன’வை மட்டும் வைத்திருப்பதால், அது பூனமல்லி என்னும் விரைவுப் பேச்சு வடிவத்தோடு ஒத்துப்போகிறது. ஓர் ஊருக்கு வழங்கும் மூன்று வடிவங்களும் இவ்வாறு ஒரே சங்கிலியின் கண்ணிகளாக அமைகின்றன. எழுத்தில் நீண்டிருக்கும் வடிவமே மூத்தது என்று கொண்டுவிடாமல், கல்வெட்டுகளின் கால வரிசையைக் கொண்டே எது முந்தியது என்பதை முடிவு செய்வது முறையாகும். நீண்ட வடிவம் சில ஊர்களில் பொருள் விளங்காத குறுவடிவத்துக்குப் பிற்காலப் புலமை தந்த விளக்கமாகவும் இருப்பதுண்டு.

ஈறுகள் சொல்லும் நிலவியல்

பெயரின் முற்பகுதியைக் காட்டிலும் ஈறு மெதுவாகவே மாறுகிறது. அது மாறும்போது ஒரே விதம் பல ஊர்களில் திரும்பத் திரும்பத் தென்படுகிறது. பாக்கம் என்னும் ஈறு தொண்டைமண்டலமெங்கும் பரவியது. பகரம் இரட்டித்தால் அயப்பாக்கம். மகரமெய்யை அடுத்து நின்றால் செம்பரம்பாக்கம், நுங்கம்பாக்கம். இரட்டிக்காமல் இரண்டு உயிர்களுக்கு நடுவே நின்றால் வகரமாக நெகிழ்ந்து வில்லிவாக்கம், பட்டரவாக்கம், வளசரவாக்கம். வாக்கம் என்பதைத் தனி ஈறாகக் கருதுவோர் உண்டு. ஆனால் பாக்கமும் வாக்கமும் ஒரே சொல்லின் இரண்டு ஒலிக்கோலங்களே.

திருமுல்லைவாயில் என்று சுந்தரர் பதிகத்தால் அறியப்படும் தலம், இன்று திருமுல்லைவாயல் என்றே பெரிதும் எழுதப்படுகிறது. மாசிலாமணீசுவரர் கோயிலின் எருக்கந்தூண்களும், முல்லைக்கொடி சுற்றிய தொண்டைமானின் யானை பற்றிய தலபுராணமும் இவ்வூருக்குச் சிறப்பு. சீர்காழிக்கு அருகே கடற்கரையிலுள்ள தென்திருமுல்லைவாயிலிலிருந்து வேறுபடுத்த இதனை வடதிருமுல்லைவாயில் என்பதுண்டு. வாயில் என்னும் சொல் பேச்சில் வாசல் ஆகும்போது இரண்டாம் அசையின் இகரம் அகரமாகிறது. வாயல் என்பது வாயிலுக்கும் வாசலுக்கும் இடைப்பட்ட வடிவம்: அதில் உயிர் மாறிவிட்டது, யகரம் மட்டும் மாறாமல் நிற்கிறது. மதுரவாயலிலும் இதே வடிவத்தைக் காணலாம். ஆங்கிலத்தில் இரண்டு பெயர்களும் ‘வொயல்’ என்று வாசிக்கத்தக்க வகையில் எழுதப்படுவதால், வெளியூரார் ‘முல்லைவொயல்’ என்கின்றனர். ஊரார் நாவில் வகர ஆகாரம் தெளிவாகவே ஒலிக்கிறது.

ஐயப்பன்தாங்கலில் உள்ள தாங்கல் என்பது சிறு நீர்நிலை. அம்பத்தூர், கொரட்டூர், புழல், செம்பரம்பாக்கம் எனப் பெரிய ஏரிகள் சூழ்ந்த நிலத்தில் அச்சொல் நீர்ப்பாசன வரலாற்றின் எச்சம். தொண்டைமண்டலத்தின் 24 கோட்டங்களுள் ஒன்றுக்குப் பெயர் தந்த புழலில், தமிழின் சிறப்பொலியான ழகரம் இறுதி லகரத்தோடு நெருங்கி வருகிறது. அதை ‘புசல்’ என்று வாசிக்க நேர்வதற்கு, ‘இசட்-ஹெச்’ என்று எழுதும் மரபைப் பிறமொழியார் அறியாததே காரணம்.

பெயருக்குச் சொல்லப்படும் கதைகள்

பொருள் விளங்காத பெயருக்கு மக்கள் தாமாகவே பொருள் காண்பதை மக்கள் சொற்பிறப்பு என்பர். அம்பத்தூரை ஐம்பத்தொன்றாம் ஊர் என்று விளக்கி, அம்மன் தலங்களின் வரிசையோடு இணைத்துச் சொல்லும் வழக்கு உள்ளூரில் உண்டு. முகப்பேரை மகப்பேறு என்று கொண்டு, அங்குள்ள சந்தான சீனிவாசப் பெருமாளை மகப்பேறு வேண்டுவோர் வழிபடுகின்றனர். வரலாற்று ஆவணமாக இக்கதைகளைக் கொள்ள முடியாது. ஆனால் ஒரு பெயரை மக்கள் எப்படிக் கேட்டனர் என்பதற்கு இவை நல்ல சான்று: ‘ம்பத்து’ என்று பல்லொலியோடு கேட்டவர்க்குத்தான் ஐம்பது என்னும் எண் நினைவுக்கு வரும். அம்பட்டூர் என்னும் தவறான வாசிப்பிலிருந்து அக்கதை பிறந்திருக்க முடியாது.

ஆவடி பற்றிய கதை வேறு வகையானது. கவச வாகனங்களையும் வெடிபொருள் கிடங்கையும் குறிக்கும் ஓர் ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துகள் சேர்ந்து ஆவடி ஆயிற்று என்று பலர் நம்புகின்றனர். கனரக வாகனத் தொழிற்சாலை 1961இல் நிறுவப்பட்டு, விஜயந்தா டாங்கிகள் 1965 முதல் அங்கிருந்து வெளிவந்தன. ஆனால் சோசலிச பாணி சமுதாயம் என்னும் தீர்மானத்தை நிறைவேற்றிய காங்கிரஸ் மாநாடு, யு. என். தேபர் தலைமையில் 1955 சனவரியில் கூடியபோதே அது ஆவடி மாநாடு என்றே அறியப்பட்டது. ஒலியும் இக்கதைக்கு எதிராகவே சான்று சொல்கிறது. ஆங்கில எழுத்துகளைக் கூட்டி வாசித்தால் வரக்கூடிய அவாடி என்னும் வடிவம் ஊரார் நாவில் இல்லை. முதலில் நெடிலும் நடுவில் குறிலும் நிற்கும் தமிழ் அமைப்பே உள்ளது. ஆலடி, புளியடி, வேம்படி என்று அடி என முடியும் இடப்பெயர்கள் தமிழ்நாட்டில் எங்கும் உள்ளன. ரா. பி. சேதுப்பிள்ளை 1946இல் வெளியிட்ட ‘தமிழகம் ஊரும் பேரும்’ என்னும் நூல் முதலாக இடப்பெயராய்வு ஒரு துறையாக வளர்ந்திருக்கும் நிலையில், ஓர் ஊரின் பெயரை ஆங்கிலச் சுருக்கமாகக் கருதுவது அவ்வூரின் வேளாண் கடந்தகாலத்தை மறைத்துவிடுகிறது.

தொழிற்பேட்டைகள் புதிய பெயர்களையும் தந்தன. 1960களில் எழுந்த அம்பத்தூர் தொழிற்பேட்டையை எஸ்டேட் என்னும் ஒரே சொல்லால் அனைவரும் குறிக்கின்றனர். பாடியில் ஒரு தொழிற்சாலையின் பெயரால் லூகாஸ் என்னும் நிறுத்தமும், அம்பத்தூரில் ஓ.டி. என்னும் ஈரெழுத்துப் பெயரும், செங்குன்றத்துக்கு ரெட்ஹில்ஸ் என்னும் வழக்கும் தமிழ்ப் பேச்சில் இயல்பாகக் கலந்துவிட்டன. எழுத்தில் செங்குன்றம் என்று வாசித்தவரே நடத்துநரிடம் ரெட்ஹில்ஸ் கேட்டுச் சீட்டு வாங்குகிறார்.

2020ஆம் ஆண்டு அரசாணை

தமிழ் ஒலிக்கேற்ப ஊர்ப்பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலை மாற்றும் முயற்சி ஒன்று 2020இல் நடந்தது. 1,018 ஊர்களின் ஆங்கில வடிவத்தை மாற்றியமைக்கும் தமிழக அரசின் ஆணை அவ்வாண்டு சூன் மாதம் 10ஆம் நாள் வெளியாகி, பல தரப்பிலும் எழுந்த விமர்சனத்தை அடுத்து எட்டே நாளில், 18ஆம் நாள், திரும்பப் பெறப்பட்டது. அப்போது தமிழ் ஆட்சிமொழித் துறையின் அமைச்சராக இருந்த க. பாண்டியராஜன், ஆவடித் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினராகவும் இருந்தார்.

அந்த ஆணையின் நோக்கம் மதிக்கத்தக்கது. அம்பத்தூரின் இரட்டை ‘டீ’க்குப் பதிலாக ‘டீ-ஹெச்’ இரட்டித்து எழுதும் மாற்றம், ட்ட-த்த குழப்பத்தை நேராகவே தீர்க்க முற்பட்டது. ஆனால் பூந்தமல்லியின் ஆங்கில வடிவம் பூவிருந்தவல்லி என்று மாற்றப்பட்டதில் ஓர் அடிப்படைச் சிக்கல் வெளிப்பட்டது. தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப என்று சொல்லி மேற்கொள்ளப்பட்ட மாற்றம், ஊரார் உச்சரிக்கும் பூந்தமல்லியை விட்டுவிட்டு, அவர்கள் எழுத்தில் மட்டும் காணும் வடிவத்தை ஆங்கிலத்தில் ஏற்றியது. வேலூரின் புதிய எழுத்துக்கூட்டல் ‘வீலூர்’ என்று வாசிக்க இடம் தந்ததால் பெரும் விவாதத்துக்கு உள்ளானது. இரட்டை ‘ஈ’யை எகரத்தின் நெடிலாக ஆணை கருதியது, ஆங்கிலம் கற்ற வாசகரோ அதை ஈகாரமாக வாசித்தார். பொது வாசகருக்கு விளக்கப்படாத எழுத்துப்பெயர்ப்பு முறை, ஒரு குழப்பத்தை நீக்கி இன்னொன்றைத் தரும் என்பதற்கு இது சான்றாயிற்று.

கேட்டு எழுத வேண்டிய காலம்

ஊர்ப்பெயர்களை ஒழுங்குபடுத்துவது பற்றிய ஐக்கிய நாடுகள் அவையின் முதல் மாநாடு 1967இல் ஜெனீவாவில் கூடியது. அதன் தொடர்ச்சியாக வளர்ந்த துறையில், ஓரிடத்தில் வாழ்வோர் தம் மொழியில் வழங்கும் பெயரை அகப்பெயர் என்றும், வெளியார் வழங்கும் பெயரைப் புறப்பெயர் என்றும் பிரித்து, அகப்பெயருக்கு முதன்மை தருவர். அகப்பெயர் என்பது எழுத்து வடிவம் மட்டுமன்று, ஒலி வடிவமுமாகும். இங்கிலாந்தில் ஒன்பது எழுத்துகளால் நீட்டி எழுதப்படும் ஒரு நகரத்தை அந்நாட்டார் அனைவரும் ‘லெஸ்டர்’ என்றே சொல்கின்றனர். எழுத்தைப் பார்த்து முழுதும் வாசிப்பவரையே அவர்கள் வெளியூரார் என்று கண்டுகொள்கின்றனர். அங்கே எழுத்தையும் யாரும் மாற்றவில்லை, பேச்சையும் கொச்சை என்று இகழவில்லை. லெஸ்டருக்குக் கிடைத்த மதிப்பு தின்னனூருக்கும் கிடைப்பதே நியாயம்.

2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அம்பத்தூர் ஏறத்தாழ 4,66,000 மக்களையும், ஆவடி ஏறத்தாழ 3,46,000 மக்களையும் கொண்டிருந்தன. தொழிற்சாலைகளும் படைத்துறை நிறுவனங்களும் பல மாநிலத்தவரை இங்கே குடியேற்றியுள்ளன. புதிதாக வருபவர் ஊர்ப்பெயரை முதலில் கேட்பது அண்டை வீட்டாரிடமிருந்து அன்று. ஆங்கில எழுத்தை இயந்திரமாக வாசிக்கும் கைப்பேசி வழிகாட்டியிடமிருந்து. அந்தக் குரல் அம்பட்டூர் என்று சொல்லச் சொல்ல, அதைக் கேட்டு வளரும் குழந்தைக்கு அதுவே ஊரின் பெயராகிவிடும் வாய்ப்பு இருக்கிறது. மறுபுறம், தின்னனூர் என்று சொல்லும் தலைமுறை முதுமையடைந்துவருகிறது. பள்ளியும் பெயர்ப்பலகையும் திருநின்றவூரை மட்டுமே கற்பிக்கின்றன.

கல்வெட்டுகளைப் படியெடுப்பதற்கு இந்நாட்டில் நூறாண்டுக்கும் மேற்பட்ட மரபு உண்டு. கல்லில் வெட்டப்படாத, நாவில் மட்டும் வாழும் வடிவங்களுக்கும் அவ்வாறே படியெடுப்பு தேவை. ஒவ்வோர் ஊரிலும் முதியவர், நடுவயதினர், இளையோர் என மூன்று தலைமுறையினரின் உச்சரிப்பை ஒலிப்பதிவு செய்து, எழுத்து வடிவத்தையும் பேச்சு வடிவத்தையும் ஒலிக்குறிப்போடு அருகருகே தரும் அகராதி ஒன்று இருக்குமானால், எழுத்துக்கூட்டலைத் திருத்த முற்படும் அரசுக்கும், ரயில் அறிவிப்பைப் பதிவு செய்யும் பொறியாளருக்கும், கைப்பேசிக் குரலைப் பயிற்றுவிக்கும் நிறுவனத்துக்கும் அதுவே அடிப்படையாகும். பலகையில் திருநின்றவூர் என்றே இருக்கட்டும். அதைத் தின்னனூர் என்று வாசிக்கும் முதியவரும் சரியாகவே வாசிக்கிறார் என்பதை அந்த அகராதி சொல்ல வேண்டும். அருமந்த என்னும் சொல்லுக்கு இலக்கணத்தில் இடம் தந்த மொழியில், பூந்தமல்லிக்கும் தின்னனூருக்கும் அந்த இடம் முன்னமே காத்திருக்கிறது.